ஐந்தாம் மாடிக்கு நாற்பதாயிரம் பஸ்கால்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில், அமுக்க அலகுகள் ஒருங்கிணைப்பு அதிகாரசபை இருக்கிறது. எந்த அமுக்கத்தையும் கூட்டவோ குறைக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. அமுக்கத்தை எந்த அலகில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் பணி. பணி சிறியதாக இருந்ததால் கட்டடத்தைப் பெரிதாகக் கட்டினார்கள். ஏழு மாடி. ஏழாம் மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வந்து சட்டையை நனைக்கும்.

கொட்டாஞ்சேனையில் டோரின் குடியிருக்கும் தொடர்மாடிக்கு மாடிகள் ஐந்துதான். டோரின் இருப்பது ஐந்தாம் மாடியில். அவளுடைய குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பின் எதுவும் வராது.

கூரைத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றிய மோட்டர் எரிந்துபோன நாளிலிருந்து இப்படித்தான். தொடர்மாடியைப் பராமரிக்கும் காரியாலயத்தில் புது மோட்டர் இருந்தது. பெட்டி கூடப் பிரிக்காமல், மேலே ஒரு பூச்சாடி வைத்து, அழகாக இருந்தது. ஆனால் வீதிக் குழாயில் அமுக்கம் குறைவு என்று அதிகாரசபை சான்று தந்தால்தான் அதைப் பொருத்தலாமாம். "அமுக்கம் போதுமெண்டா மோட்டர் என்னத்துக்கு?" என்று அங்கிருந்தவர் கேட்டார். கேள்வியில் டோரினுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

அவளுக்கு அந்தத் தண்ணீர் அவசரமாகத் தேவைப்பட்டது. கணவர் புஷ்பராஜ் கீழிருந்து இரண்டு வாளி தூக்கிக்கொண்டு ஏறும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். ஆனால் வார்ட்டில் இருந்த தாதி ஒருத்தி, நல்ல பெண், டோரினைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அன்டி, மூண்டு நாலு மாசத்துக்கு இவர் எழும்ப மாட்டார். ஒவ்வொரு நாளும் உடம்பு துடைக்கோணும், துணி மாத்தோணும், படுக்கை கழுவோணும். இல்லாட்டி முதுகில புண் வந்திடும், வந்தா லேசில ஆறாது. வீட்டில தண்ணி வருதா?"

டோரினுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்திப் போனால்கூட, வாசலில் நிற்பவரிடம் பஸ்ஸின் மேல் பழி போடாமல் "நித்திரை கொண்டிட்டன்" என்று சொல்லுகிறவள் அவள். ஆகவே பேசாமல் நின்றாள். தாதிக்கு விளங்கிவிட்டது.

புஷ்பராஜின் தங்கை லவினா நீர்கொழும்புப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் ஒன்று கேட்டு வைத்திருந்தாள். "அண்ணி, அங்க சிஸ்டர்ஸ் நல்லாப் பாப்பாங்க. நீங்க உங்கட முழங்காலோட எத்தின வாளி தூக்குவீங்க?" அவள் கெட்டவளல்ல, கணக்குத் தெரிந்தவள். புஷ்பராஜோ டோரினைக் காணும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டார். "எப்ப வீட்ட போறது?"

டோரின் 155 பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனாள்.

வாசலில் இருந்த காவலாளி எந்தப் பிரிவுக்கு என்று சிங்களத்தில் கேட்டான். 'வதுர' என்றாள் டோரின், தண்ணீர்.

"வதுர மெஹே நே நோனா," என்றான் அவன் அன்பாக. "ப்ரஷர் விதரய்."

இங்கே தண்ணீர் இல்லை, பிரஷர் மட்டும்தான். அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்த நேரடியான பதில் அது ஒன்றுதான் என்பதை அவள் அப்போது அறியவில்லை.

அடுத்த கிழமை நிஷாந்தினி என்ற இளம் பொறியியலாளர் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். கீழ்த்தளத்தில் ஸாலிஹின் வீட்டு வாசலில் இருந்த குழாயில் ஓர் அமுக்கமானியைப் பொருத்தினாள். ஸாலிஹ் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய மனைவி றலியா நிஷாந்தினிக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தாள். முள் கொஞ்சம் அசைந்து நின்றது. பூச்சியம் தசம் நான்கு, அதாவது 0.4; மானியின் அலகு 'பார்'.

"குறைவுதானே மிஸ்?" என்று டோரின் கேட்டாள்.

"குறைவுதான் அன்டி. ஆனா நான் அளக்க மட்டும்தான் ஏலும். குறைவா கூடவா எண்டு பிரிவுகள்தான் சொல்லோணும்."

பிரிவுகள் மாடிக்கொன்றாக இருந்தன. கோப்பு எந்த மாடிக்குப் போகிறதோ, விண்ணப்பித்தவரும் அந்த மாடிக்குப் போக வேண்டும். லிப்ட் அதிகாரிகளுக்கும் கோப்புகளுக்கும் உரியது என்று எழுதியிருந்தது. ஆகவே கோப்பு லிப்டில் ஏறியது. டோரின் படியேறினாள். கோப்பு ஒவ்வொரு தடவையும் முந்திப்போய், மேசையில் காற்று வாங்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது.

முதலில் பார் பிரிவு. அதன் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

"பூச்சியம் தசம் நான்கு. அம்மா, எங்களுடைய சுற்றுநிருபத்தின்படி பூச்சியத்தில் தொடங்கும் எண் பூச்சியமாகப் பதியப்படும். ஆகவே உங்கள் குழாயில் அமுக்கம் இல்லை."

"அதத்தான் சேர் நானும் சொல்லுறன்."

"பொறுங்கள். நீங்கள் கேட்டிருப்பது அமுக்கம் குறைவு என்ற சான்று. இருக்கிற பொருள்தான் குறையலாம். இல்லாத பொருள் எப்படிக் குறையும்? உங்களுக்குக் குறைவு என்று சான்று தந்தால், அமுக்கம் இருக்கிறது என்று நாங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும். இந்தப் பிரிவு இருபத்திரண்டு வருடமாக ஒரு பொய்யும் சொன்னதில்லை." சற்று யோசித்துவிட்டு, "ஒன்றுமே சொன்னதில்லை," என்றார்.

அடுத்த மாடியில் இறாத்தல் பிரிவு. சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று சொல்லுகிற பழைய கணக்கு அங்கேதான் உயிரோடிருந்தது. அங்கே இருந்தவர் சேவையில் பாதிக் காலத்தை வாகனப் பரிசோதனையில் கழித்தவர். அவர் கையில் எண் ஐந்து தசம் எட்டாக மாறியது. அதைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அஞ்சு தசம் எட்டா? ஒரு த்ரீவீல் டயருக்கே முப்பது இறாத்தல் கிட்ட வேணும். ஐயோ நோனா, இந்த பில்டிங்க ஓட்டிக்கொண்டா திரியிறீங்க?"

"அது ஓடாது சேர். நிண்ட இடத்திலதான் நிக்குது."

"அப்ப சரி. அப்பிடியே நிக்கட்டும்." அவர் நிம்மதியாக அமர்ந்து எழுதினார்: இந்நிலையில் கட்டடத்தை வீதிக்கு எடுக்கக்கூடாது.

அதற்கு அடுத்த மாடி பாதரசப் பிரிவு. மில்லிமீற்றர் பாதரசம் என்ற கணக்கு வைத்தியர்களுக்கு உரியது என்பதால், சுகாதாரத் திணைக்களத்தில் ஓய்வு பெற்றவர்களை அங்கே வைத்திருந்தார்கள். பூச்சியம் தசம் நான்கு பார் அங்கே முந்நூறு ஆனது. அந்த அம்மையார் எண்ணைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

"முந்நூறு. நூற்றிருபதில இருக்கோணும். எத்தின நாளா இப்பிடி இருக்கு?"

"ரெண்டு வருசமா மிஸ்."

"தலைச்சுத்து? கால் வீக்கம்?"

"எனக்கா மிஸ்?"

"கட்டடத்துக்கு."

டோரின் யோசித்தாள். நேர்மையாகப் பதில் சொல்ல விரும்பினாள். "அடியில கொஞ்சம் ஈரம் ஊறி வீங்கித்தான் இருக்கு மிஸ்."

"பாத்தீங்களா," என்றார் அம்மையார். அமுக்கத்தை உடனே நூற்றிருபதுக்கு இறக்கும்படியும், அதற்காக வீதி வால்வை முக்கால் பங்கு மூடும்படியும், உப்பைக் குறைக்கும்படியும் பரிந்துரை எழுதினார். நல்லவேளையாக அந்தப் பரிந்துரையும் அதிகாரசபையின் மற்றப் பரிந்துரைகளைப் போலவே எங்கும் போய்ச் சேரவில்லை.

இப்படியாக ஒரே குழாயின் ஒரே தண்ணீர் ஒரு மாடியில் இறந்துபோயிருந்தது, ஒரு மாடியில் காற்றுப் போயிருந்தது, இன்னொரு மாடியில் பாரிசவாதம் வரும் நிலையில் இருந்தது. மூன்று பிரிவுகளும் ஒன்றுக்கொன்று முரணான முடிவு தந்தால் கோப்பு பணிப்பாளர் நாயகத்திடம் போக வேண்டும் என்பது விதி. மூன்று பிரிவுகளும் எப்போதும் முரணாகத்தான் முடிவு தரும். அதற்காகத்தான் மூன்று.

பணிப்பாளர் நாயகம் நமசிவாயம் ஏழாம் மாடியில், கடல் தெரியும் அறையில் இருந்தார். உருண்டையான, சுத்தமான மனிதர். சீனி வருத்தக்காரர் என்பதால் மேசையில் ஒரு கூஜா தண்ணீர் எப்போதும் இருக்கும். டோரினை உட்காரச் சொன்னார். படியேறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியதைக் கண்டு, தன் கூஜாவிலிருந்து தானே ஒரு கிளாஸ் வார்த்துக் கொடுத்தார். டோரின் அதை மறக்கவில்லை. பிறகு நடந்தவற்றுக்கு அந்த ஒரு கிளாஸ்தான் காரணம் என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள்.

நிஷாந்தினியும் அங்கே நின்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"சேர், இத தண்ணி மீற்றரில சொன்னா எல்லாருக்கும் லேசா விளங்கும். பூச்சியம் தசம் நாலு பார் எண்டா நாலு மீற்றர். இந்தக் குழாய்த் தண்ணி தானா நாலு மீற்றர் உயரம்தான் ஏறும். முதலாம் மாடியோட சரி. இவங்கட வீடு பதினஞ்சு மீற்றரில இருக்கு."

டோரினுக்கு அந்தக் கட்டடத்தில் முதன்முறையாக ஒரு விஷயம் விளங்கியிருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பணிப்பாளர் நாயகம் கவலையோடு பார்த்தார்.

"மிஸ் நிஷாந்தினி, நீங்கள் புதியவர்," என்றார் மெதுவாக. "அந்த அலகை நாங்கள் தடை செய்யவில்லை. அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கேட்டவுடனே விளங்கிவிடும். நாலு மீற்றர் என்று நான் சொன்னால், இந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் படியை அண்ணாந்து பார்த்து, நான் சொன்னது போதுமா போதாதா என்று தானே தீர்மானித்துவிடுவார். எல்லாரும் தாங்களே தீர்மானிக்கத் தொடங்கினால் நூற்று நாற்பது பேர் வேலை செய்கிற இந்த அதிகாரசபை எதற்கு? மக்களுக்கு விளங்காமல் இருப்பதால்தான் மக்களுக்கு நாங்கள் தேவைப்படுகிறோம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பொறுப்புணர்ச்சியோடு சொல்கிறேன்."

பிறகு கோப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கணக்குப் போட்டார். முகம் பிரகாசமானது.

"அம்மா, ஒரு நல்ல செய்தி. இன்று முதல் உங்கள் தொடர்மாடியை பஸ்கால் அலகுக்கு உயர்த்துகிறேன். உங்கள் அமுக்கம் இப்போது நாற்பதாயிரம்."

"நாப்பதாயிரமா சேர்?"

"நாற்பதாயிரம். போன கிழமை உங்களிடம் இருந்தது பூச்சியம் தசம் நான்கு. இன்றைக்கு நாற்பதாயிரம். ஓர் இலட்சம் மடங்கு வளர்ச்சி. ஒரு குழாயையும் தோண்டாமல், ஒரு மோட்டரையும் பொருத்தாமல், நாட்டுக்கு ஒரு செலவும் வைக்காமல். அடுத்த வருடம் டைன் கணக்குக்குப் போகப்போகிறோம். அப்போது உங்களுக்கு நாலு இலட்சம் கிடைக்கும்."

"தண்ணி வருமா சேர்?"

நமசிவாயம் அந்தக் கேள்வியை ஒரு குழந்தையின் கேள்வியைப் போலப் பொறுத்துக்கொண்டார். "நாற்பதாயிரம் வந்திருக்கிறது அம்மா. முதலில் அதை வரவேற்போம்."

வரவேற்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். இதற்கிடையில் வார்ட்டில் வேறொரு நோயாளிக்குக் கட்டில் தேவைப்பட்டது. தாதி டோரினிடம், "ஒரு கிழமை வீட்டில வச்சுப் பாருங்க அன்டி. அடுத்த கிழமை கிளினிக்குக் கொண்டுவாங்க. முதுகில புண் தொடங்கியிருந்தா, பிறகு முதியோர் ஹோம் தான்," என்றாள். புஷ்பராஜை வீட்டுக்கு விடும் நாளும் விழா நாளும் ஒன்றாகவே அமைந்தன.

டோரின் இரண்டு நாளாக அரை வாளி அரை வாளியாகத் தூக்கி, குளியலறையில் இருந்த நீலப் பரலை, அந்தப் பிளாஸ்டிக் பீப்பாயை, நிரப்பினாள். ஸாலிஹ் வேலைக்குப் போகுமுன் இரண்டு வாளி ஏற்றிக் கொடுத்தார். றலியாவுக்குக் கோபம்.

"ஏன் டோரினக்கா, வாய் தொறந்து ஒரு பேச்சு கேக்கப்படாதா? நாங்க கீழ ஈக்கிறது என்னத்துக்கு?"

"எல்லாருக்கும் அவங்கட பாரம் இருக்கு றலியா. மூண்டாம் மாடியில மயிலம்மா தூக்கயில்லையா, நாலாம் மாடியில தூக்கயில்லையா? நான் மட்டும் எப்பிடிக் கேக்கிறது?"

"அவங்களும் இதத்தான் சொல்றாங்க. எல்லாரும் ரோசத்தில தனித்தனியா முறியிறீங்க," என்றாள் றலியா.

விழா நாள் காலையில் தொடர்மாடி வாசலில் ஒரு பலகை ஏறியது. பல்புகளால் 40,000 என்று எழுதியிருந்தது. அதைத் தாங்க இரண்டு பெரிய இரும்புக் கொக்கிகளைச் சுவரில் அடித்திருந்தார்கள். கீழே கதிரைகளும் ஒலிபெருக்கியும் வந்தன. நிகழ்ச்சி நிரலின்படி, முதலில் பணிப்பாளர் நாயகம் ஐந்தாம் மாடிக்குப் போய், ரிப்பன் கட்டிய குழாயைத் திறந்து வைப்பார். புகைப்படம் எடுப்பார்கள். தண்ணீர் வருவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

அவர் ஏறினார். இந்தக் கட்டடத்தில் லிப்ட் என்றுமே இருந்ததில்லை. மாலையோடும் கோட்டோடும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரின் ஈரத்தைப் பாராட்டுவது போல் மூச்செடுத்து, கடைசியில் டோரினின் சமையலறையில் ரிப்பனை வெட்டிக் குழாயைத் திருகினார். குழாய் பெருமூச்சு விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். படம் எடுத்தாயிற்று.

மற்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். நமசிவாயம் மட்டும் நின்றார். அவர் முகம் மாறியிருந்தது. வாசலைப் பார்த்தார், டோரினைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சீனி வருத்தத்தோடு வாழ்ந்த தன் தகப்பன் அடிக்கடி குளியலறைக்கு ஓடியதை டோரின் பார்த்தவள்.

"உள்ளுக்குப் போங்க சேர். அந்தக் கதவு," என்றாள்.

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே குழாய் திருகும் சத்தம் கேட்டது. பெருமூச்சு. இன்னொரு முறை திருகும் சத்தம். இன்னொரு பெருமூச்சு. நாற்பதாயிரம் பஸ்காலும் தன்னோடு உள்ளே இருக்க, பணிப்பாளர் நாயகம் தனியாக இருந்தார்.

டோரின் கதவருகே போனாள். "சேர், குழாயப் பாக்காதீங்க. நீலப் பரலில தண்ணி இருக்கு. பக்கத்தில கோப்பை இருக்கு. வேணுமான அளவு எடுங்க, யோசியாதீங்க."

அவர் எடுத்தார். நிறையவே எடுத்தார். பதற்றத்தில் பரலின் அடித் துளையை அடைத்திருந்த மூடியைக் காலால் தட்டிவிட்டார் போலும். மீதித் தண்ணீர் சளசளவென்று வடிகாலில் ஓடியது டோரினுக்குக் கேட்டது. அவள் கண்களை மூடி, சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் திரும்பி நின்றாள். ஏசவில்லை. ஏசினால் உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூசுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வெளியே வந்தார். கோட்டின் ஓரம் நனைந்திருந்தது.

"அம்மா, அந்தத் தண்ணீர்…"

"பரவாயில்ல சேர். அண்டைக்கு எனக்கு நீங்க ஒரு கிளாஸ் தந்தீங்கதானே."

"அது எதற்காக வைத்திருந்தீர்கள்?"

"இவர் இண்டைக்கு வாறார் சேர், ஆஸ்பத்திரியால. துடைக்கிறதுக்கு." அவள் துவாய் ஒன்றை நீட்டினாள். "கையத் துடைங்க. கீழ பாத்துக்கொண்டு நிப்பாங்க."

கீழே ஒலிபெருக்கி தயாராக இருந்தது. நமசிவாயம் எழுதி வைத்திருந்த உரையை எடுத்தார்.

"அன்பர்களே, அமுக்கம் என்றால் என்ன? விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது அமுக்கம். இது மிகச் சிக்கலான விடயம், ஆகவே நீங்கள் விளங்கிக்கொள்ள முயல வேண்டாம். உங்கள் சார்பில் அதிகாரசபை விளங்கிக்கொள்ளும். இலட்சம் மடங்கு உயர்ந்த இந்த அமுக்கத்தால், இன்று ஐந்தாம் மாடியிலும்…"

அவர் நின்றார். தாளைப் பார்த்தார். அங்கே எழுதியிருந்ததை வாசிக்க அவருக்கு வாய் வரவில்லை. "ஐந்தாம் மாடியில் தண்ணீர் இருந்தது," என்றார் கடைசியில். "அதற்கு நானே சாட்சி." அதிகாரசபையின் எல்லா உரைகளிலும் முழு உண்மையாக இருந்த ஒரே வசனம் அதுதான். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். அவர் மட்டும் தலை குனிந்து நின்றார்.

விழா முடிந்து அவர் காரில் ஏறப் போனபோது ஒழுங்கையை அடைத்துக்கொண்டு ஒரு வான் வந்து நின்றது. உள்ளே புஷ்பராஜ். வான்காரர் இறக்கிவிட்டுப் போகத்தான் வந்தாராம், தூக்குவதற்கு அவருக்கு முதுகு ஏலாதாம். படுக்கையோடு அந்தப் படியில் திரும்ப முடியாது. ஸாலிஹ் தன் வீட்டிலிருந்து கை வைத்த பலகைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். புஷ்பராஜை உட்காரவைத்து இரண்டு துவாயால் கட்டினார்கள். கதிரைக்கு நாலு கால். ஸாலிஹ், அவர் தம்பி இன்ஸாப், மூன்றாம் மாடி மயிலம்மாவின் கணவர் அழகுமுத்து, ஆக மூன்று பேர்தான்.

"இன்னும் ஒராள் வேணும்," என்றார் ஸாலிஹ், சுற்றுமுற்றும் பார்த்து. அதிகாரசபையின் ஆட்கள் தங்கள் சப்பாத்துகளை ஆராய்ந்தார்கள். பாதரசப் பிரிவு அம்மையார், நோயாளியை முதலில் அளந்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னார்.

நமசிவாயம் மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பலகையைத் தாங்கிய கொக்கியில் மாட்டினார். கோட்டையும் மாட்டினார். நாலாவது காலைப் பிடித்தார்.

"சேர், உங்களுக்கு ஏலாது," என்றார் ஸாலிஹ்.

"ஏலும்," என்றார் நமசிவாயம். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சுத் தமிழ் அது.

கதிரை ஏறியது. முதலாம் மாடியில் றலியா சத்தம் போடத் தொடங்கினாள். ஐந்தாம் மாடியில் பரல் வெறுமையாக இருப்பதை டோரின் அவளிடம் சொல்லாமல் இருக்க முயன்றிருந்தாள். முகத்தைப் பார்த்தே றலியா கண்டுபிடித்துவிட்டாள். "மயிலம்மாக்கா, கதவத் தொறங்க. எல்லாரும் ஒங்கட படியில வந்து நில்லுங்க. ஆரும் ஏறத் தேவல்ல, கையில வாங்கி மேல குடுத்தாச் சரி." கதவுகள் திறந்தன. விழாவுக்கு வராதவர்கள் எல்லாம் இதற்கு வந்தார்கள். கதிரையைக் கடந்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, வாளிகள் மேலே போயின.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நமசிவாயம் கதிரைக் காலை இரண்டு கையாலும் பிடித்தார். தான் விழுந்த அதே இடத்தில், தன்னைத் தூக்கும் பெரிய மனிதரின் வியர்த்த முகத்தை மிகக் கிட்டத்தில் பார்த்த புஷ்பராஜுக்கு இரக்கமும் குறும்பும் ஒன்றாக வந்தன.

"சேர், இப்ப நான் எத்தின பஸ்கால்?"

ஸாலிஹ் சிரித்ததில் கதிரை ஆடியது. நமசிவாயம் மூச்சு வாங்கிக்கொண்டே, விடாமல் பதில் சொன்னார். "பாரம் அதேதான்… பிடிக்கிற கை கூடிட்டு. அதனால… ஒரு ஆளுக்கு… குறைவு."

"அப்ப சான்று தாங்களன் சேர், குறைவு எண்டு," என்றார் புஷ்பராஜ்.

அடுத்த நாள் சான்று வந்தது. நமசிவாயம் தன் கையாலேயே எழுதியிருந்தார்: குழாய்த் தண்ணீர் நாலு மீற்றர் ஏறும். வீடு பதினைந்து மீற்றரில் இருக்கிறது. குறைவு.

அதற்கு அடுத்த நாள், அங்கீகரிக்கப்படாத, எளிதில் விளங்கக்கூடிய ஓர் அலகைப் பயன்படுத்தியதற்காகப் பணிப்பாளர் நாயகத்தின் மேல் அதிகாரசபை விசாரணை தொடங்கியது. மூன்று பிரிவுகளும் முதன்முறையாக ஒருமனதாக இருந்தன. விசாரணை முடியும்வரை சான்று செல்லாது. மோட்டர் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பூச்சாடியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பலகையில் பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்து இப்போது 40 மட்டும் எரிகிறது. அதைத் தாங்கும் கொக்கிகளில் வெற்று வாளிகளும் தொங்குகின்றன.

காலையில் ஆட்கள் வேலைக்குப் போகுமுன் மாடிக்கொருவர் படியில் நிற்பார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லா மாடியிலும் எல்லாப் பரலும் நிரம்பிவிடும். சில ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து டோரின் வரும் நேரத்துக்கு, இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உருண்டையான ஒருவர் நிற்பார். இதை எந்த அலகிலும் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் கிழமை முடிவில் புஷ்பராஜைக் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். இறக்கவும் ஏற்றவும் ஆட்களுக்குக் குறைவில்லை. தாதி அவரைப் புரட்டி, முதுகை ஆறுதலாகத் தடவிப் பார்த்தாள். ஒரு சிவப்புக்கூட இல்லை.

"நல்லா வச்சிருக்கிறீங்க அன்டி. அப்ப ஐஞ்சாம் மாடிக்குத் தண்ணி வருதா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத டோரின் இம்முறை தயங்கவில்லை.

"ஓம் மிஸ்," என்றாள். "வருது."